நன்றி சொல்லிவிட்டுப் போனவர்கள்

கடைசிப் பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தி, எந்தக் குழந்தையாவது இருக்கையில் சுருண்டு தூங்கிப்போயிருக்கிறதா என்று பின்வரிசை வரை நடந்து பார்த்துவிட்டு, நெல்டா கைப்பர் ஓட்டுநர் அறைக்குள் வரும்போது மணி ஒன்பதே கால் ஆகியிருக்கும். அதற்குப் பிறகு மதியம் இரண்டு மணி வரை வேலை கிடையாது. மஸ்கீகன் ஊரில் பள்ளி பஸ் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நெல்டாவின் வீட்டில் அவளுக்காக யாரும் காத்திருக்கவில்லை. அவள் ஜன்னலோர மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் கார்களுக்கு வைத்தியம் பார்ப்பாள்.

"இன்னிக்கு எத்தனை பேஷண்ட், டாக்டரம்மா?" என்று டுவேன் கேட்டான். ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவன். மைக்ரோவேவில் சூப்பைச் சுற்றவிட்டுவிட்டு அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பான்.

"ரெண்டு. ஒண்ணு பிரேக் சத்தம். இன்னொண்ணு வழக்கமான கேஸ்."

"அதென்ன வழக்கமான கேஸ்?"

"சூடானா நின்னுடும். ஆறினா ஓடும்."

"என் முட்டிக்கு நேர் மாறு. இது சூடு ஏறினாத்தான் ஓடும்."

"முட்டிக்கும் ஒரு மன்றம் இருக்கும், தேடிப் பாரு."

அவளுடைய மன்றம் ஹால்டன் பிரையர் கார் வைத்திருப்பவர்களுக்கானது. அந்தக் காரைச் செய்த நிறுவனம் 2011இல் கடையை மூடிவிட்டது. விற்ற இடங்களும் போயின, பழுது பார்த்தவர்களும் போனார்கள். மிச்சம் இருந்தது கார்களும் இந்த இணைய மன்றமும்தான். நெல்டா அதில் சேர்ந்தது 2010இல், விவாகரத்தில் வீடு கணவனுக்கும் பிரையர் அவளுக்கும் என்று ஆன வருடம். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்று பயந்து பயந்து ஒரு கேள்வி கேட்டாள். நிர்வாகிகளில் ஒருவரான ஆரின் பக்கி, கனடாவில் சாஸ்கடூன்காரர், ஒரே வரியில் பதில் போட்டார்: "முதல்ல தேடு, அப்புறம் கேளு." பெரிய மனிதர்கள் இருக்கும் அறைக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல அவளுக்கு முகம் சூடேறியது. அன்றைக்குத் தேட ஆரம்பித்தவள்தான். ஹீட்டருக்கு விடை கிடைத்த பிறகும் நிறுத்தவில்லை.

பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படித்தவள் இல்லை நெல்டா. ஸ்பேனரைப் பிடித்ததும் நாற்பது வயதுக்கு மேல்தான். ஆனால் பதினான்கு வருடப் பதிவுகளில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மனப்பாடம். ஒரே கேள்வியைச் சுற்றி நீளும் பதிவுத் தொடருக்கு மன்றத்தில் திரி என்று பெயர். புதிதாக வருகிறவர் கேட்டு முடித்த ஐந்து நிமிடத்தில், இந்தத் திரி, இந்தப் பக்கம், மேலிருந்து இத்தனையாவது பதிவு என்று எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதனாலேயே அவளையும் நிர்வாகி ஆக்கினார்கள்.

ஆனவுடன் அவள் கொண்டுவந்த ஒரு வழக்கம் உண்டு. அப்போதெல்லாம் தீராத கேள்விகளுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருக்கும். முகப்பைத் திறந்தால் பக்கம் முழுக்கச் சிவப்பு. புதிதாக வருகிறவர்களுக்கு எப்படி இருக்கும்? கேட்டவர் முப்பது நாள் திரும்ப வரவில்லை என்றால் பச்சைக் குறி போட்டு, 'தீர்ந்தது' என்று கணக்கை மூடிவிடலாம், வேண்டியவர்கள் அதற்குப் பிறகும் எழுதிக்கொள்ளட்டும் என்றாள். ஆரின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆள் வரலேன்னா வண்டி சரியாயிடுச்சுன்னு அர்த்தமா?"

"சரியாகலேன்னா திரும்ப வந்து கேப்பாங்கல்ல, ஆரின்?" என்று எழுதினாள் நெல்டா. அதில் என்ன தப்பு என்று அப்போது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் முகப்பு பச்சைப்பசேல் என்று ஆகிவிட்டது.

சூடானால் நிற்கும் வண்டிகளுக்கான திரி முப்பத்து நான்கு பக்கம். அதற்கும் பச்சைக் குறி. விடை பத்தொன்பதாம் பக்கத்தில் நான்காவது பதிவு: என்ஜினின் சுழற்சியை அளக்கிற சென்சார் சூட்டில் செத்துப்போகும், மாற்று. எப்படி மாற்றுவது என்று தன் காரிலேயே கழற்றி மாட்டிப் படம் பிடித்துப் போட்டிருந்தாள் நெல்டா. நூற்றுக்கு மேற்பட்டவர்களை அந்தப் பதிவுக்கு அனுப்பியிருக்கிறாள்.

மார்ச் மாதத்தில் வந்தவள் அம்பாரோ கீலெஸ்.

"தப்பான எடத்துல கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க," என்று ஆரம்பித்திருந்தாள். "2008 பிரையர். இருபது நிமிஷம் ஓடினா அணைஞ்சு போயிடுது. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஸ்டார்ட் ஆகுது. நான் மோட்டல்ல ரூம் சுத்தம் பண்றேன், முப்பது மைல் போகணும். பென்சில்வேனியாவுல நாங்க இருக்கிற பக்கம் பஸ் கிடையாது. ஏற்கெனவே ரெண்டு தடவை லேட். மூணாவது தடவைன்னா வேலை இல்லைன்னு எழுதிக் கையில குடுத்துட்டாங்க."

ஆரின் முந்திக்கொண்டார்: "மேல தேடுற பெட்டி ஒண்ணு இருக்கே, கண்ணுல படலையா?"

"ஆரின், போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க," என்று எழுதினாள் நெல்டா. "அம்பாரோ, வாங்க. சரியான எடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. பத்தொன்பதாம் பக்கம், நாலாவது பதிவு. படம் இருக்கு, அதைப் பார்த்தே மாட்டிடலாம். கவலைப்படாதீங்க, இதோட தீர்ந்துடும்."

"கடவுள் உங்களை நல்லா வெக்கட்டும். பார்ட்டுக்கு ஆர்டர் போட்டுட்டேன். நன்றி, நன்றி!"

வழக்கமாக அத்தோடு சரி. நன்றி சொன்னவர்கள் போய்விடுவார்கள், முப்பது நாள் கழித்து நெல்டா அவர்கள் கேள்விக்குக் குறி போடுவாள். அம்பாரோ ஒன்பதாம் நாள் திரும்ப வந்தாள். வியாழக்கிழமை காலை.

"என் அக்கா வீட்டுக்காரர் மாட்டிக் குடுத்தார். இன்னிக்கு அதே மாதிரி நின்னுடுச்சு, பாலத்து மேல. இருபத்தஞ்சு நிமிஷம் லேட். மேனேஜர் ஊர்ல இல்லை, கூட வேலை பாக்கிறவ மூடி மறைச்சுட்டா. திங்கக்கிழமை அவர் வந்துடுவார். வேற என்ன செய்யலாம் மேடம்?"

வாங்கின சென்சார் போலியாக இருக்கும், அசல் வாங்கி மாட்டுங்கள் என்று தட்டச்சு செய்யத் தொடங்கினாள் நெல்டா. பாதியில் கை நின்றது. இதே வாக்கியத்தை இதற்கு முன் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறோம்?

திரியின் முதல் பக்கத்தைத் திறந்தாள். பத்தொன்பதாம் பக்கத்துக்கு வெளியே அவள் போய் வருடக்கணக்காகியிருந்தது. பஸ் தடத் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வாசித்தாள். டுவேன் சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன, ஸ்கோரா?"

"சென்சார் வாங்கறேன், நன்றின்னு சொன்னவங்க நூத்திப் பன்னெண்டு பேர். அதுல திரும்ப வந்து என்ன ஆச்சுன்னு சொன்னவங்க பதினாலு."

"சரி."

"பதினாலுல சரியாச்சுன்னு சொன்னவங்க மூணு பேர். அதுல ஒருத்தர் ரெண்டு மாசம் கழிச்சு வேற திரியில வந்து, வண்டி நிக்குதுன்னு மறுபடியும் கேட்டிருக்கார்."

டுவேன் தாளில் இருந்த கோடுகள் மேல் விரலை வைத்தான். "பாக்கி பதினோரு பேர்?"

"போலி சென்சார் வாங்கியிருப்பீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"யாரு, நீயா?"

"நானேதான்."

திரியை முதலில் தொடங்கியவர் யாரோ ஒருவர், 2012இல் கேள்வி கேட்ட மறுநாளுக்குப் பிறகு மன்றத்துக்கு வந்ததே இல்லை. முப்பத்தோராம் நாள் குறி போட்டவர் பெயர் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: நெல்டா.

அன்று மதியப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும், திரும்ப வராத தொண்ணூற்றெட்டுப் பேருக்கும் தனிச்செய்தி அனுப்பினாள். 'உங்கள் வண்டி சரியாயிற்றா? ஆகவில்லை என்றாலும் சொல்லுங்கள்.' பாதிக்கு மேல் செத்த முகவரிகள். வெள்ளிக்கிழமை காலைக்குள் நான்கு பதில்கள் வந்திருந்தன. ஒருவருக்குத் தான் அப்படி ஒரு கார் வைத்திருந்ததே மறந்துபோயிருந்தது. இரண்டு பேர், சென்சார் போட்டும் நிற்கத்தான் செய்தது, தள்ளிவிட்டோம் என்றார்கள். நான்காமவர் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்து வெண்டல் கோமோ.

"அட, நீங்க இன்னும் அங்கேயேதான் இருக்கீங்களா?" என்று எழுதியிருந்தார். "எங்க சரியாச்சு? ரெண்டு சென்சார் போட்டேன். கடைசியில காயலான் கடைக்குத்தான் போச்சு."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே, வெண்டல்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீங்க அவ்வளவு அன்பாப் பேசினீங்க, படமெல்லாம் எடுத்துப் போட்டிருந்தீங்க. வேலைக்கு ஆகலேன்னு வந்து சொல்ல ஒரு மாதிரியா இருந்தது. அந்தக் கெழவர் ஆரின் மாதிரி நீங்களும் வள்ளுனு விழுந்திருந்தா, சண்டை போடறதுக்காகவாவது வந்திருப்பேன்."

நெல்டா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். தான் பட்ட அவமானம் யாருக்கும் நேரக் கூடாது என்றுதானே இத்தனை வருடமும் இனிக்க இனிக்கப் பேசினோம்? அந்த இனிப்புக்காகவா அவர்கள் வாயை மூடிக்கொண்டு போனார்கள்? ஆரினிடம் திட்டு வாங்கியவர்கள்தான் பிழைத்தார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. அவர்களில் பலர் முதல் நாளே ஓடிப்போனவர்கள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. மன்றத்தில் 'குப்பை' என்றொரு பகுதி உண்டு. இடம் மாறிப் போட்ட பதிவுகளை ஆரின் அங்கேதான் தள்ளுவார். அங்கும் தேடினாள். 2014இல் பெல் என்ற ஒருவர் எழுதியது கிடைத்தது. 'சூடானால் நின்றுபோய்க்கொண்டிருந்தது. சென்சாரில் ஒன்றும் இல்லை. எர்த் ஒயர் ஒன்று உள்ளுக்குள்ளேயே அரித்துப்போயிருக்கிறது. மாற்றி எட்டு மாதம் ஆகிறது, ஒருமுறைகூட நிற்கவில்லை. எந்த ஒயர் என்று படத்தில் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.'

கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். அந்தக் காலத்தில் எல்லோரும் படங்களை இலவசமாக வைத்திருந்த இணையதளம் எப்போதோ மூடப்பட்டு, மன்றத்தின் படங்களில் பாதி இப்படிச் சாம்பல் கட்டங்களாகிப் போயிருந்தன. பெல் அதற்குப் பிறகு மன்றத்துப் பக்கம் வரவில்லை. அவருக்கு ஆரின் போட்டிருந்த பதில்: "தப்பான திரி. விதிகளைப் படி."

பதினான்கு வருடத்தில் முதல்முறையாக நெல்டா ஆரினுக்குப் போன் செய்தாள்.

"யாரு?" அவள் நினைத்திருந்ததைவிடக் கிழட்டுக் குரல்.

"நெல்டா."

"எந்த நெல்டா?"

"பஸ் நெல்டா."

"ஓ. என்ன, யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லை. பெல்னு ஒருத்தர், 2014. எர்த் ஒயர்னு படம் போட்டார். நீங்க குப்பையில தள்ளினீங்க. அந்தப் படம் ஞாபகம் இருக்கா?"

"நேத்து சாப்பிட்டதே ஞாபகம் இல்லை எனக்கு."

"உங்க வண்டியில பாத்துச் சொல்ல முடியுமா? எது சீக்கிரம் அரிக்கிற எடத்துல இருக்குன்னு?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் இருமல். "என் வண்டியை 2016லயே கட்டை மேல ஏத்தி வெச்சாச்சும்மா. அதுக்குள்ள எலி குடும்பம் நடத்துது."

"அப்ப இத்தனை வருஷமா எதை வெச்சு எல்லாருக்கும் பதில் சொல்றீங்க?"

"நீ எதை வெச்சுச் சொல்றே? உன் வண்டி என்னிக்காவது நின்னிருக்கா?"

நின்றதில்லை. அவளுடைய பிரையர் ஒருநாள்கூட வழியில் நின்றதில்லை.

கொட்டகைக்கு வெளியே ஓரமாகக் கறுத்த பனி குவிந்து கிடந்தது. அவள் காரின் பானெட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்க, டுவேன் டார்ச் அடித்தான். எர்த் ஒயர்களை எண்ணினார்கள். என்ஜின் பக்கம் ஏழு. டேஷ்போர்டைக் கழற்றினால் மட்டும் கைக்கு எட்டுகிறவை நான்கு.

"இதுல எது?" என்றான் டுவேன்.

"தெரிஞ்சா உன்னை எதுக்குக் குளிர்ல நிக்க வெக்கறேன்?"

"பதினொண்ணையும் மாத்தச் சொல்லு."

"ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் இருக்கு அவளுக்கு. அவங்ககிட்ட ஷெட்டும் கிடையாது."

டேஷ்போர்டையும் கழற்றி, பதினொன்றையும் படம் எடுத்து, எண் போட்டு அனுப்பினாள். இதில் எது என்று தனக்குத் தெரியாது, முன்பு சொன்னதும் தெரியாமல் சொன்னதுதான், நன்றி சொல்லிவிட்டுப் போன கிட்டத்தட்ட நூறு பேர் என்ன ஆனார்கள் என்றே தெரியாது என்பதையும் எழுதினாள். எழுத அரைமணி நேரம் பிடித்தது.

"பரவாயில்லை மேடம், செஞ்சு பாக்கறோம்," என்று மட்டும் வந்தது.

திங்கட்கிழமை பதில் இல்லை. காலையிலிருந்து நெல்டா பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தாள். பதில் வராதது நல்லதுக்குத்தான் என்று முன்பெல்லாம் எவ்வளவு சுலபமாக நம்ப முடிந்தது. மதியம் ஒரு நிறுத்தத்தைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டாள். பின்னால் இருந்து பிள்ளைகள் ஓவென்று கத்தின.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் செய்தி வந்தது.

"ஞாயித்துக்கிழமை ஏழு ஒயரையும் கழட்டிச் சுரண்டி மாட்டினோம். உள்ள இருக்கிற நாலை எடுக்கறதுக்குள்ள மழை வந்துடுச்சு. நேத்து இருபத்திரண்டாவது மைல்ல நின்னுடுச்சு. மேனேஜர் கத்தவே இல்லை, உக்காரச் சொல்லிக் கையெழுத்து வாங்கிட்டார். வண்டியை இழுத்துட்டுப் போன ஆளுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை. வண்டியையே வெச்சுக்கோன்னு சொல்லிட்டேன். நீங்க ரொம்ப நல்லவங்க மேடம். நன்றி."

நெல்டா உடனே பதில் எழுதினாள். யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு அம்பாரோ. வண்டி இன்னும் அந்த ஆள்கிட்டத்தான் இருக்கா? உள்ள இருக்கிற நாலு ஒயரைப் படம் எடுத்து அனுப்பச் சொல்ல முடியுமா? எது அரிச்சிருக்குன்னு தெரிஞ்சிட்டா இனிமே வர்றவங்களுக்கு உதவும்."

அனுப்பிய பிறகுதான், என்ன கேட்டிருக்கிறோம் என்று உறைத்தது. அழிக்கப் போனாள். எதிர்முனையில் வாசித்தாகிவிட்டது என்று காட்டியது.

"இனிமே வர்றவங்களா?" என்று வந்தது. "எனக்கு முன்னாடி வந்த நூறு பேருக்கும் நான் இனிமே வர்றவளாத்தானே இருந்தேன்? அவங்களால எனக்கு என்ன உதவி ஆச்சு? எங்கிட்ட இப்ப காரும் இல்லை, வேலையும் இல்லை. அந்த ஆளோட யார்டு பதினெட்டு மைல். நடந்து போய்ப் படம் எடுக்கவா?"

நெல்டா மன்னிப்புக் கேட்டாள். அது வாசிக்கப்படவில்லை. மறுநாளும், அந்த வாரம் முழுவதும், வாசிக்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் திரியின் பச்சைக் குறியை எடுத்தாள். அதற்கு ஒரே ஒரு சொடுக்குதான் தேவைப்பட்டது. இன்னும் இருநூறுக்கு மேல் இருந்தன, எல்லாம் அவள் முப்பது நாள் கணக்கில் மூடியவை. அவற்றில் எது உண்மையிலேயே தீர்ந்தது, எது யார் வீட்டு வாசலில் நின்றுபோனது என்று எப்படிப் பிரிப்பது?

ஆரின் செய்தி அனுப்பினார்: "எல்லாத்தையும் எடுத்தா முகப்பு பழையபடி செவசெவன்னு ஆயிடும். புதுசா எவனும் உள்ள வர மாட்டான்."

"நீங்கதானே அன்னிக்கே வேண்டாம்னீங்க?"

"சொன்னேன். அதுக்காக இப்ப என்ன செய்யணும்னு எனக்கு மட்டும் தெரியுமா? நாப்பது வண்டி ஓடுதோ என்னமோ இப்ப. விடு நெல்டா."

அவள் விடவில்லை. என்ன செய்வது என்று தெரிந்து செய்ததும் இல்லை. திரியின் உச்சியில் புதிதாக ஒரு பதிவு போட்டாள்: சென்சார் போட்டவர்கள் இத்தனை பேர், திரும்ப வந்தவர்கள் இத்தனை பேர், சரியானது இரண்டோ மூன்றோ. எர்த் ஒயராக இருக்கலாம், எது என்று தெரியாது. அம்பாரோ சுரண்டி மாட்டியும் பலன் இல்லாத ஏழு ஒயர்களையும் எண்களோடு எழுதினாள். அவளுடைய பெயரை எழுதவில்லை.

ஏப்ரலில் விஸ்கான்சினில் இருந்து கர்ட் என்று ஒருவர் வந்தார். அறுபது வயதுக்காரர், இறந்துபோன தம்பியின் பிரையர் அவரிடம் வந்திருக்கிறது. அதே தொல்லை: சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. உச்சியில் இருக்கும் பதிவை வாசித்துவிட்டேன், ஒன்றும் புரியவில்லை என்றார்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"எனக்குத் தெரியாது, கர்ட்," என்று எழுதினாள் நெல்டா. "பதினொரு ஒயரையும் பாத்துடுங்க. முடிச்சுட்டு வந்து என்ன ஆச்சுன்னு சொல்லுங்க, திட்டறதா இருந்தாலும் சரி. அதுவரைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய எடத்துக்கு இந்த வண்டியை எடுத்துட்டுப் போகாதீங்க."

"தெரியாதவங்க எதுக்கும்மா பதில் சொல்ல உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார் கர்ட். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டதுபோல இருந்தது.

நெல்டா இரண்டு முறை எழுதத் தொடங்கி இரண்டு முறையும் அழித்தாள். டுவேன் கதவைப் பிடித்தபடி, மணி இரண்டாகப் போகிறது என்றான். மடிக்கணினியை மூடிவிட்டு அவள் பஸ்ஸை எடுக்கப் போனாள்.